பெயரில்லாக் கிருமியும் எங்கள் ஊர் மூஞ்சூறும்

பிள்ளையாரின் வாகனம் எலியா, மூஞ்சூறா, பெருச்சாளியா? தில்லியில் 32 ஆண்டுகள் விலங்கியல் சொல்லிக் கொடுத்த எனக்கு, ஆண்டுக்கு ஒரு மாணவனாவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை. தெய்வ விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் உயிரினக் கணக்கில் ஒன்றைச் சொல்லலாம். எலியும் பெருச்சாளியும் கொறித்துத் தின்னும் இனம். மூஞ்சூறு பார்வைக்கு எலி போல இருந்தாலும் அந்த இனமே அல்ல. அது பூச்சி தின்னும் பிராணி. நீண்ட மூக்கு, கடுகு போன்ற கண், சுவரை ஒட்டி ஓடும் பழக்கம், கூடவே ஒரு நாற்றம். நம் இந்திக்கார அண்டை வீட்டார் ‘சச்சுந்தர்’ என்று சொல்லி முகம் சுளிப்பது இதைப் பார்த்துத்தான்.

இந்த எளிய மூஞ்சூறு, என் சொந்த ஊரான வேலூரின் ஒரு பகுதியின் பெயரை உலக விஞ்ஞான நூல்களில் ஏற்றி வைத்திருக்கிறது. நம் சங்க அன்பர்கள் பலருக்கு அது தெரிந்திருக்காது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆண்டில் பல மாதம் ஊரில் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு இங்கே பிழைக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடமும் இருக்கிறது. ஆனால் வேலூருக்குப் போகும் முன் ஒரு முறை அமெரிக்காவுக்குப் போய் வர வேண்டும்.

நான்கு மூலை வட்டாரம்

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்ஸிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களின் எல்லைகள் ஒரே புள்ளியில் வந்து சேருகின்றன. ‘நான்கு மூலை’ என்றே அந்த வட்டாரத்துக்குப் பெயர். சிவந்த பாறைகள், வறண்ட புல்வெளி, மலைச்சரிவில் குட்டையான பைன் மரங்கள். நவஹோ என்னும் பழங்குடி மக்கள் வாழும் பூமி அது.

1993 மே மாதம் அங்கே ஒரு நவஹோ இளைஞர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிறிது நேரத்தில் இறந்து போனார். அவர் ஓட்டப் பந்தய வீரர். உடலில் எந்தக் குறையும் இல்லாதவர். தாம் மணக்கவிருந்த பெண்ணின் இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில்தான் அவருக்கு மூச்சு முட்டியது. அந்தப் பெண்ணும் சில நாட்களுக்கு முன்பு அதே மாதிரி மூச்சுத் திணறித்தான் இறந்திருந்தார்.

காலப் என்ற ஊரில் பழங்குடியினருக்கான அரசு மருத்துவமனையில் பணி புரிந்த டாக்டர் புரூஸ் டெம்பெஸ்ட் சும்மா இருக்கவில்லை. சுற்று வட்டாரத்து மருத்துவர்களை விசாரித்தார். இளம் வயதினர், திடகாத்திரமானவர்கள், இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி, பிறகு திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மரணம். இப்படி ஐந்து பேர் இறந்திருப்பது தெரிய வந்தது. ஃப்ளூ இல்லை, பிளேக் இல்லை, விஷமும் இல்லை.

அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு ரத்த மாதிரிகள் பறந்தன. சில வாரங்களிலேயே விடை கிடைத்தது. ஹான்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த, அதுவரை யாரும் அறியாத ஒரு கிருமி. எல்லோருக்கும் வியப்பு. ஏனென்றால் ஹான்டா என்றால் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆசிய, ஐரோப்பிய நோய் என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்லி வந்தன. 1950களின் கொரியப் போரில் ஐ.நா. படையினர் மூவாயிரம் பேருக்கு மேல் அந்தக் காய்ச்சலால் படுத்தார்கள். கொரிய விஞ்ஞானி லீ ஹோ வாங் 1976ல் வயல் எலியின் நுரையீரலில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, அங்கே ஓடும் ஹான்டான் ஆற்றின் பெயரை வைத்தார். குடும்பம் முழுவதற்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

ஹான்டா என்றால் எலி இனம் என்ற குறிப்பு இருந்ததால், 1993 ஜூன் முதல் ஆகஸ்ட் பாதி வரை நான்கு மூலை வட்டாரத்தில் பொறி வைத்து ஏறக்குறைய 1,700 கொறிப்பிராணிகளைப் பிடித்தார்கள். முக்கியக் குற்றவாளி ‘மான் சுண்டெலி’ என்று தெரிந்தது. மேலே மான் போலப் பழுப்பு, வயிறு வெள்ளை, பெரிய கண், பெரிய காது. பார்த்தால் கையில் எடுத்துக் கொஞ்சத் தோன்றும். பிடிபட்ட மான் சுண்டெலிகளில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இந்தக் கிருமி தொற்றிய அடையாளம் இருந்தது.

பெய்தது மழை, பெருகியது எலி

சரி, காலங்காலமாக அங்கே இருக்கும் சுண்டெலி 1993ல் மட்டும் ஏன் இத்தனை பேரைக் கொன்றது? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்ல, எலிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்.

நியூ மெக்ஸிகோவில் செவில்லெட்டா என்ற வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. அங்கே 1989 முதல் ராபர்ட் பார்மென்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆண்டுதோறும் பொறி வைத்து எலிகளைப் பிடிப்பார்கள், எண்ணுவார்கள், அடையாளம் போட்டு விட்டுவிடுவார்கள். ‘இதற்கெல்லாமா பணம் செலவழிப்பார்கள்?’ என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். 1993ல் அந்தக் கணக்கேடுதான் கை கொடுத்தது.

ஏடு சொன்ன கதை இதுதான். பல ஆண்டு வறட்சியில் அந்தப் பூமி காய்ந்து கிடந்தது. எலிகள் குறைந்தன. எலியைத் தின்னும் ஆந்தை, பாம்பு, நரிகளும் குறைந்தன. பிறகு பசிபிக் கடல் சூடேறும் ‘எல் நினோ’ வந்தது. 1991-92 குளிர்காலத்தில் தொடங்கி அந்த வறண்ட நிலத்தில் நல்ல மழையும் பனியும் பெய்தன. புல் முளைத்தது, பூச்சிகள் பெருகின, பைன் மரங்கள் கொட்டையைக் கொட்டின. சுண்டெலிக்கு விருந்துதான்! அது ஆண்டில் பல தடவை குட்டி போடும். அதைத் தின்னும் பிராணிகளோ அத்தனை வேகமாகப் பெருக முடியாது. விளைவு, 1992 மே மாதம் இருந்ததைப் போலப் பத்து மடங்கு எலிகள் 1993 மே மாதம் இருந்தன. காட்டில் இடம் போதாமல் வீட்டுக்கும் கொட்டகைக்கும் மரக்கிடங்குக்கும் வந்து சேர்ந்தன.

நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழக அருங்காட்சியகம் இன்னொரு சாட்சி சொன்னது. டெர்ரி யேட்ஸ் என்ற பேராசிரியரின் பொறுப்பில், முந்தைய ஆண்டுகளில் பிடித்த எலிகளின் திசுக்கள் அங்கே உறைபனிப் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன. எடுத்துச் சோதித்தார்கள். 1980களில் பிடித்த எலிகளிலும் அதே கிருமி! ‘இது ராணுவ ஆய்வுக்கூடத்தில் செய்து தப்பவிட்ட கிருமி’ என்று ஊரெல்லாம் உலவிய வதந்தி அத்தோடு பிசுபிசுத்தது. 1959ல் யூட்டாவில் 38 வயதில் இறந்த ஒருவருக்கும் இதே நோய்தான் என்று பின்னால் உறுதியாயிற்று. கிருமி பழையது. எலிக்கும் மனிதனுக்கும் இடையே இருந்த தூரம் குறைந்ததுதான் புதிது.

நவஹோ முதியவர்கள் இதை வேறு மொழியில் முன்பே அறிந்திருந்தார்கள். பைன் கொட்டை அமோகமாக விளையும் ஆண்டில் எலி பெருகும், அதையடுத்து இளவயது மரணங்கள் வரும், 1918லும் 1933லும் அப்படி நடந்தது என்று அவர்கள் ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். எலி இரவில் நடமாடும் காட்டு உயிர், அது வீட்டுக்குள் வரலாகாது, எலி தீண்டிய துணியை எரித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழிவழியாகக் காத்து வந்த முறை. மழைக் கணக்கும் எலிக் கணக்கும் பெரியவர்கள் சொல்லும் ஒன்றாக வந்து நின்றதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

எலிக்குள் குடியிருக்கும் கிருமி

ஹான்டா வைரஸ்களில் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு வகைப் பிராணிதான் சொந்த வீடு. கொரியாவில் வரிபோட்ட வயல் எலி. ஐரோப்பாவில் ‘பூமாலா’ என்ற வகைக்குக் காட்டோரத்துச் செவ்வெலி. நகரத்துச் சாக்கடை எலிக்கு ‘சியோல்’ வகை. கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் அந்த எலி போனதால் அந்தக் கிருமியும் கூடவே போயிற்று.

தொற்றிய எலிக்குக் காய்ச்சல் வராது, சாகாது. ஆயுள் முழுவதும் கிருமியைச் சுமந்து, சிறுநீரிலும் புழுக்கையிலும் எச்சிலிலும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். எலிக்கு எலி பரவுவது பெரும்பாலும் கடியால். இடத்துக்கும் இணைக்கும் சண்டை போட்டுக் கடித்துக்கொள்ளும் வளர்ந்த ஆண் எலிகளிடம்தான் தொற்று அதிகம். உடம்பில் தழும்பு அதிகமுள்ள எலியே சந்தேகத்துக்குரிய எலி!

இதனால் ஒரு விசித்திரம் நிகழ்கிறது. எலிகள் திடீரென்று பெருகும்போது கூட்டத்தில் பாதி குஞ்சுகள். அவற்றுக்குத் தொற்று இல்லை. தாயிடமிருந்து வந்த பாதுகாப்பும் சில வாரங்களுக்கு உண்டு. ஆகவே நூற்றுக்கு எத்தனை எலி என்று பார்த்தால் தொற்று முதலில் குறைவது போலத் தோன்றும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, இடம் நெருக்கடியாகி, கடிபட்டு, குளிர்காலத்தில் ஒரே பொந்தில் ஒண்டிக் கிடந்து, அடுத்த வசந்தத்துக்கு வரும்போதுதான் தொற்று உச்சத்துக்கு ஏறும். மழைக்கும் மரணத்துக்கும் நடுவே ஓராண்டு, ஒன்றரை ஆண்டு இடைவெளி விழுவது இதனால்தான். 1997-98ல் மறுபடியும் பெரிய எல் நினோ வந்தபோது, ‘எலி பெருகும், எச்சரிக்கை!’ என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. 1998லும் 1999லும் அதே வட்டாரத்தில் நோய் மீண்டும் தலைதூக்கியது.

மனிதனுக்கு வருவது பெரும்பாலும் மூச்சுக் காற்று வழியாக. காய்ந்த எலி மூத்திரமும் புழுக்கையும் தூசியாகி, பெருக்கும்போது பறந்து மூக்கில் ஏறுகின்றன. ஒன்று முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல். தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் கடுமையான வலி. சில நாளில் மூச்சிரைப்பு. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து நுரையீரல் நீரால் நிரம்புகிறது. இந்த அமெரிக்க வகைக்கு இதுவரை தடுப்பூசியும் இல்லை, குறிப்பிட்ட மருந்தும் இல்லை. நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவுதான் கதி. 1993 முதல் 2022 முடிய அமெரிக்கா முழுவதும் பதிவானவர்கள் 864 பேர். அத்தனை பெரிய நாட்டில் இது சிறிய தொகை. ஆனால் மூச்சிரைப்பு வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் பிழைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் நியூ மெக்ஸிகோவில் நடிகர் ஜீன் ஹேக்மனின் மனைவி பெட்ஸி அரகாவா தம் வீட்டில் இறந்ததும் இந்த நோயால்தான்.

கலிபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2012ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். குளிர் தாங்க இரட்டைச் சுவர் வைத்துக் கட்டிய புதிய கூடாரங்கள். இரண்டு சுவருக்கும் நடுவே இருந்த கதகதப்பான இடைவெளியில் சுண்டெலிகள் குடும்பம் நடத்தின. விடுமுறைக்குப் போனவர்களில் 10 பேருக்கு நோய், 3 பேர் மரணம். மனிதன் தன் சௌகரியத்துக்குக் கட்டியது எலிக்கும் சௌகரியமாகப் போயிற்று.

பழி யார் மேல்?

வெளியூரில் பிழைக்கும் நமக்கு நன்றாகப் புரியக்கூடிய பகுதி இது.

1993ல் பத்திரிகைகள் இந்த நோயை ‘நவஹோ ஃப்ளூ’ என்று எழுதின. நவஹோக்கள் அல்லாதவர்களும் இறந்திருந்தார்கள். ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கு விருந்தாளிகளாகப் போகவிருந்த நவஹோச் சிறுவர்களுக்கு ‘வர வேண்டாம்’ என்று செய்தி வந்தது. இறந்தவர் பெயரைத் துக்க நாட்களில் உச்சரிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பத்திரிகைகளோ பெயரும் படமும் போட்டன. துக்க வீட்டு வாசலில் காமிராக்கள் நின்றன.

கிருமிக்குப் பெயர் வைப்பதிலும் அதே சங்கடம். ‘நான்கு மூலை வைரஸ்’ என்றார்கள். வட்டாரத்து மக்கள் எதிர்த்தார்கள். ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் ஓர் இடத்தின் பெயரை வைக்கப் பார்த்தார்கள். அது 1805ல் ஸ்பானியப் படை நவஹோ மக்களைக் கொன்று குவித்த இடத்தின் பெயர். மீண்டும் எதிர்ப்பு. கடைசியில் ‘சின் நோம்ப்ரே’ என்று வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் ‘பெயர் இல்லாதது’ என்று அர்த்தம். நோய்களுக்கு ஊர் பெயரையோ மக்கள் பெயரையோ வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிமுறை வகுத்தது 2015ல். நவஹோக்கள் அதை இருபது ஆண்டுக்கு முன்பே கேட்டு வாங்கிவிட்டார்கள்.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி வந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க முடியாது. அது எலியும் தெள்ளுப்பூச்சியும் சம்பந்தப்பட்ட வேறு நோய், கிருமியும் வேறு. ஆனால் பயம் ஒன்றுதான். லட்சக்கணக்கானோர் கிடைத்த ரயிலில் ஏறி ஊரை விட்டு ஓடினார்கள். நம் நாட்டு விமானங்களைச் சில நாடுகள் இறங்கவிடவில்லை. அப்போது சூரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை, முன்பணம் வாங்கிய வீட்டுக்காரரே வாசலில் நிறுத்திச் சாவி தர மறுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அம்மா கைக்குழந்தையோடு படியில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை. வந்த ஊர் ஒன்றே குற்றம். அன்றிரவு அவர்கள் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், சீனாவில் ஒருவர் பேருந்தில் இறந்தார், அவருக்கு ஹான்டா என்ற செய்தி வந்தது. ‘அடுத்த கொள்ளைநோய்!’ என்று கைபேசிகளில் பறந்தது. என்னிடமே பலர் பதறிப்போய்க் கேட்டார்கள். ஹான்டா வகைகளில் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதாக உறுதியாகத் தெரிந்தது தென் அமெரிக்காவின் ‘ஆண்டிஸ்’ வகை ஒன்றுதான். அர்ஜென்டினாவில் எபுயேன் என்ற சிற்றூரில் 2018-19ல் ஒரு பிறந்தநாள் விழாவில் தொடங்கி 34 பேருக்குப் பரவி 11 பேரைக் கொன்றது அது. நோயுற்றவர்களைத் தனிமைப்படுத்தியதும் அடங்கியது. மற்ற வகைகள் எலியிடமிருந்து மனிதன் வரை வந்து அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஓடுவதால் பயன் இல்லை. பரண் மேல் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதுதான் பயன்.

மூங்கில் பூத்தால்

மழைதான் என்றில்லை, திடீர்த் தீனி எதுவானாலும் இதே கதைதான். ஜெர்மனியில் பீச் மரங்கள் அமோகமாகக் காய்த்தால் அடுத்த ஆண்டு செவ்வெலி பெருகும், பூமாலாக் காய்ச்சலும் பெருகும். 2012ல் அங்கே 2,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஆண்டிஸ் மலைக்காடுகளில் மூங்கில் ஒட்டுமொத்தமாகப் பூத்து விதை கொட்டினால் நீளவால் எலிகள் படையெடுக்கும்.

மூங்கில் என்றதும் வடகிழக்கில் வேலை பார்த்த அன்பர்களுக்கு மிசோரம் ஞாபகம் வரும். அங்கே ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒரு முறை மூங்கில் மொத்தமாகப் பூக்கும். ‘மவ்தாம்’ என்பார்கள். விதையைத் தின்று பெருகிய எலிகள், விதை தீர்ந்ததும் வயலில் இறங்கி ஒரே இரவில் நெல்லை வழித்துவிடும். 1959 மவ்தாம் பஞ்சத்தில் நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பே மிசோ தேசிய முன்னணியாக மாறி, 1966ல் ஆயுதப் போராட்டமாக வெடித்தது. எலிப் பெருக்கம் ஒரு மாநிலத்தின் அரசியலையே மாற்றிய கதை நம் நாட்டிலேயே இருக்கிறது.

அப்படியானால் எலிகளை அடியோடு ஒழித்துவிடலாமே என்று தோன்றும். பனாமாவில் 2009ல் வெளியான ஓர் ஆய்வு வேறு பாடம் சொல்கிறது. சில இடங்களில் கிருமி தாங்காத மற்ற சிறு பிராணிகளைப் பிடித்து அகற்றிப் பார்த்தார்கள். அங்கே கிருமி தாங்கும் எலிகளும் பெருகின, அவற்றில் தொற்றும் கூடியது. பலவகை உயிர்கள் கலந்து வாழும் காட்டில் கிருமி சுமக்கும் எலிக்குப் போட்டி அதிகம், தன் இனத்தோடு மோதும் வாய்ப்புக் குறைவு. ஆந்தையும் சாரைப்பாம்பும் நமக்குச் சம்பளம் வாங்காத காவல்காரர்கள்.

எங்கள் தோட்டப்பாளையம்

இப்போது வேலூருக்கு வருவோம். 1964ல் அங்கே மூளைக்காய்ச்சல் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வாளர்கள், தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து இனம் தெரியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பிடித்த இடத்தின் பெயரையே வைத்து 1971ல் வெளியிட்டார்கள். அது ஹான்டா குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பின்னால் 1980களில்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்தால், கொரியாவில் கண்டுபிடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே உலகின் முதல் ஹான்டா வைரஸ் பிடிபட்டது எங்கள் தோட்டப்பாளையத்தில்! எலியல்லாத பிராணியிலும் ஹான்டா உண்டு என்பதற்கும் முதல் சான்று அதுவே. இன்று அந்தக் கிளைக்குத் ‘தோட்டிம்வைரஸ்’ என்று பெயர். தோட்டப்பாளையத்தின் முதல் எழுத்துகளும், அதன் உறவுக் கிருமி கிடைத்த கொரியாவின் இம்ஜின் ஆற்றின் பெயரும் சேர்ந்தது.

இந்த மூஞ்சூறு வைரஸ் மனிதருக்கு நோய் உண்டாக்கியதாக உறுதியான சான்று இல்லை. ஆகவே வேலூர்க்காரர்கள் யாரும் கலங்க வேண்டாம். மற்றவர்கள் வேலூர்க்காரர்களைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம்! ஆனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000களில் தமிழ்நாட்டில் நடத்திய ரத்தப் பரிசோதனைகளில், தானியக் கிடங்குத் தொழிலாளர், எலி பிடிக்கும் பழங்குடி மக்கள் போன்றோர் சிலரிடம் ஹான்டா வகைக் கிருமி தொற்றிச் சென்ற அடையாளம் கிடைத்தது. நம் நெல்லைக் காக்க வளை தோண்டுபவர்களும், நமக்கு வரும் அரிசி மூட்டையைச் சுமப்பவர்களும்தான் முதலில் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முகக்கவசமும் கையுறையும் கிடைக்கிறதா என்று கேட்க நமக்குக் கடமை உண்டு.

நம் நாட்டில் எலியால் வரும் ஆபத்தில் பெரியது எலிக்காய்ச்சல். அது ஈரத்தில் பரவும். 2005 மும்பை வெள்ளத்துக்குப் பின் அது பரவியது பலருக்கு நினைவிருக்கும். ஹான்டா காய்ந்த தூசியில் பரவும். இரண்டுக்கும் காரணம் எலி மூத்திரம். ஒன்றுக்கு எடுக்கும் எச்சரிக்கை மற்றதற்கும் உதவும்.

பூட்டிய வீட்டைத் திறக்கும்போது

என் தந்தையார் காலமானபின் எங்கள் வேலூர் வீடு ஆண்டில் பதினோரு மாதம் பூட்டியே கிடக்கிறது. விற்கவும் மனமில்லை. மே மாதம் போய்த் திறப்போம். பரணில் பழைய அண்டா, மரப்பெட்டி, அம்மாவின் தையல் மிஷின், மூட்டையாய்ப் பழைய பஞ்சாங்கங்கள். எலிக்கு இதைவிட நல்ல மாளிகை ஏது? நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படி ஒரு வீடு ஏதோ ஓர் ஊரில் இருக்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து தில்லி வீட்டைத் திறக்கும்போதும் இதே நிலைதான். நாங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். புதிதாக ஒன்றுமில்லை, மருத்துவ நிபுணர்கள் சொல்வதுதான்.

முதலில் கதவு ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே இருங்கள். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். குழந்தைகளை உடனே உள்ளே விட வேண்டாம்.

எலிப் புழுக்கையோ கூடோ கண்ணில் பட்டால் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. தூசி உறிஞ்சும் மிஷினும் வேண்டாம். வீட்டு ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து தெளித்து ஐந்து நிமிஷம் ஊற விடுங்கள். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பழந்துணியால் துடைத்து எடுத்து, பையில் கட்டி எறியுங்கள். ப்ளீச்சை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். விஷப் புகை கிளம்பும். மூக்கில் நல்ல முகக்கவசம் இருக்கட்டும். கொரோனா காலத்தில் வாங்கியது எல்லார் வீட்டிலும் மிச்சம் இருக்கும்.

பாய், மெத்தை, தலையணைகளை வெயிலில் போடுங்கள். சூரிய ஒளி இந்தக் கிருமிக்குச் சத்துரு. நம் பாட்டிமார் தண்ணீர் தெளிக்காமல் வாசலைப் பெருக்கியதில்லை. கிருமிக் கணக்குத் தெரிந்து செய்ததல்ல, தூசி அடங்கச் செய்தது. ஆனால் காரியம் ஒன்றே.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் அரிசி, பருப்பு, புண்ணாக்கு எதையும் மூட்டையாக விட்டு வராதீர்கள். கால் அங்குல ஓட்டை போதும், சுண்டெலி நுழைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை ஓட்டையில் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். விஷம் வைத்து எலியைக் கொன்றாலும் தீனியும் ஓட்டையும் இருக்கும் வரை அடுத்த எலி வந்துகொண்டேதான் இருக்கும். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் பூனையும் செத்தால் நஷ்டம் நமக்கே.

பூட்டிய வீட்டைச் சுத்தம் செய்த சில வாரத்துக்குள் கடும் காய்ச்சல், உடம்பு வலி, மூச்சிரைப்பு வந்தால் மருத்துவரிடம் அதை வாய் திறந்து சொல்லுங்கள். ‘எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்தேன்’ என்ற ஒரு வாக்கியம் பல நாள் தேடலைக் குறைக்கும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போகிற அன்பர்கள் எல்லோரும் நலமாகப் போய் நலமாகத் திரும்ப வேண்டும். வீட்டைத் திறந்ததும் கை துடைப்பத்தைத் தேடும். அதற்கு முன்னால் ஜன்னலைத் திறங்கள். நீங்கள் இல்லாதபோது வீட்டைச் சுத்தம் செய்ய ஊரில் யாரையாவது அனுப்புவதாக இருந்தால், கூலியோடு கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு.